தண்ணீர் வருமுன் எடுக்க வேண்டிய முடிவு: தரைத்தள வீடுகளுக்கு ஓர் ஒப்பீடு

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது, சென்னையின் தாழ்வான புறநகர்களில் கீழ் வீட்டில் குடியிருக்கும் குடும்பங்களின் முன் இரண்டு கேள்விகள் வந்து நிற்கின்றன. பெருமழை வரப்போகிறது என்று அறிவிப்பு வந்தால் வீட்டிலேயே தங்குவதா, முன்கூட்டியே கிளம்பிவிடுவதா என்பது ஒன்று. அவசரக் காலத்துக்கென்று ஒதுக்கிய பணத்தை எந்தப் பொருளில் போடுவது என்பது மற்றொன்று. பெரும்பாலான வீடுகளில் இரண்டாவது கேள்விக்குத்தான் முதலில் விடை தேடுகிறார்கள். இன்வெர்ட்டர் வாங்கியாயிற்று, அவசர விளக்கு வாங்கியாயிற்று, இனிப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. முதல் கேள்விக்கு விடை தெரியாமல் இரண்டாவதற்குச் செய்த செலவு எங்கே போய்ச் சேரும் என்பதை 2015 டிசம்பரில் எங்கள் வீட்டிலேயே பார்த்துவிட்டதால், இந்த ஒப்பீட்டை அந்த வரிசையில் எழுதுகிறேன்.

நாங்கள் அப்போது தாம்பரத்தை அடுத்த முடிச்சூர்ப் பக்கம் தரைத்தள வீடொன்றில் வாடகைக்கு இருந்தோம். டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் ஏறக்குறைய 49 செ.மீ. மழை கொட்டியது. அன்று இரவு நாங்கள் எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். வாசற்படியில் பழைய துணிகளையும் மணல் பையையும் அடுக்கி வைத்திருந்தோம். தண்ணீரோ வாசல் வழியாக வரவில்லை. குளியலறைத் தரையில் கழிவுநீர் இறங்கும் துளையை மூடியிருக்கும் ஜாலியில் முதலில் குமிழ் குமிழாகக் காற்று வந்தது; பிறகு சாக்கடை நாற்றத்தோடு கறுப்புத் தண்ணீர் மெல்லப் பொங்கி, கூடத்தை நோக்கி நகர்ந்தது. கூடத்து மூலையில் சக்கர வண்டியில் வைத்திருந்த, வாங்கி ஓராண்டுகூட ஆகாத இன்வெர்ட்டர்தான் வீட்டில் முதலில் மூழ்கிய பொருள். தரையிலிருந்து அதன் உயரம் ஒரு சாண்தான். அதன்பின் இருட்டில் மாடி வீட்டுக்கு நாங்கள் கொண்டுபோனவை ஒரு டார்ச்சும், அம்மாவின் மாத்திரை டப்பாவும், பாதி காலியான ஒரு தண்ணீர் கேனும் மட்டுமே.

தங்குவதா, கிளம்புவதா

இதில் உண்மையில் நான்கு வழிகள் இருக்கின்றன. சொந்த வீட்டிலேயே இருப்பது, அதே கட்டடத்தின் மாடி வீட்டுக்கு ஏறுவது, வேறு பகுதியிலுள்ள உறவினர் வீட்டுக்குப் போவது, அரசின் நிவாரண முகாமுக்குப் போவது. மழை எந்த வகையில் நம்மைத் தாக்கும் என்பதைப் பொறுத்தே இவற்றில் எது நல்லது என்று சொல்ல முடியும்.

காற்று முதன்மையான ஆபத்தாக இருந்தால், உறுதியான கான்கிரீட் கூரையுள்ளவர்கள் வீட்டுக்குள்ளேயே இருப்பதுதான் சரி. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது பாதிப்பின் பெரும்பகுதி விழுந்த மரங்களாலும் மின்கம்பங்களாலும் வந்தது. அன்று பிற்பகல் தெருவில் இருப்பதைவிட ஆபத்தான காரியம் வேறில்லை. நடுவில் காற்று அடங்கியபோது புயல் போய்விட்டதென்று வெளியே வந்தவர்களும் உண்டு. அது புயலின் கண் கடந்துசென்ற இடைவெளி. சற்று நேரத்தில் காற்று எதிர்த்திசையிலிருந்து மீண்டும் வீசியது. ஓட்டு வீடு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, குடிசை ஆகியவற்றில் இருப்பவர்களுக்கு இதே புயல் நேர்மாறான விடையைத் தருகிறது. 2018 நவம்பர் 16 அன்று நள்ளிரவுக்குப் பின் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலுக்கு முன்பே முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டவர்கள் பல்லாயிரம் பேர். திரும்பி வந்தபோது அவர்களில் பலருடைய வீடுகளுக்குக் கூரை இல்லை. அவர்கள் அன்றிரவு அங்கே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே மனம் நடுங்குகிறது.

வெள்ளம் முதன்மையான ஆபத்தாக இருந்தால், கீழ் வீட்டில் தங்குவது என்ற வழியைக் கணக்கிலிருந்தே நீக்கிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஓரடி தண்ணீர்தானே, கட்டில்மேல் உட்கார்ந்துகொள்ளலாம் என்று தொடங்குகிறவர்கள், அது மூன்றடியாகும்போது வெளியேற முயல்கிறார்கள். அந்த நேரத்தில் தெருவில் ஓடும் நீரின் வேகமும், கண்ணுக்குத் தெரியாத திறந்த சாக்கடைக் குழிகளும், தண்ணீருக்குள் அறுந்து கிடக்கக்கூடிய மின்கம்பிகளும் சேர்ந்து, பகலில் பத்து நிமிட நடையாக இருந்ததை உயிராபத்தாக மாற்றிவிடுகின்றன.

மாடிக்கு ஏறுவது இதைவிடப் பல மடங்கு நல்லது. 2015இல் எங்களைக் காப்பாற்றியது அதுதான். ஆனாலும் அதன் குறையையும் சொல்ல வேண்டும். மாடி வீட்டில் ஏற்கெனவே ஐந்து பேர் இருந்தார்கள். கீழிருந்து நாங்கள் நால்வர், பக்கத்து வீட்டிலிருந்து மூவர். பன்னிரண்டு பேருக்கு ஒரே கழிவறை, அதுவும் செப்டிக் டேங்க் நிரம்பியதால் மறுநாள் காலையிலேயே பயன்படாமல் போனது. மின்சாரமில்லை, தொலைபேசியில்லை, படகு வரும்வரை இரண்டு இரவுகள். மாடி என்பது வெள்ளத்திலிருந்து தப்பும் இடம். வாழும் இடமாக அதை நினைத்துத் திட்டமிடக் கூடாது. நடக்க இயலாத முதியவர், கர்ப்பிணி, கைக்குழந்தை, டயாலிசிஸ் செய்துகொள்பவர் ஆகியோரில் ஒருவர் வீட்டில் இருந்தால்கூட, மாடியை இரண்டாவது தேர்வாகத்தான் வைக்க வேண்டும். ஏனென்றால் அவர்களுக்குத் தேவையான மருத்துவ உதவி அந்த மாடிப்படிக்கு வந்துசேராது.

உறவினர் வீட்டுக்குப் போவதற்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. பூட்டிய வீட்டில் திருட்டு நடக்கும், ஒன்றுமில்லாததற்குப் போய் அவர்களுக்குத் தொல்லை கொடுப்பானேன், அறிவிப்பு பொய்த்துப்போனால் எல்லோரும் சிரிப்பார்கள். கடைசிக் காரணம் வெறும் கற்பனை இல்லை. 2024 அக்டோபர் நடுவில் சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டு, வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரம் முழுவதும் கார்கள் வரிசையாக நிறுத்தப்பட்டன. எச்சரிக்கைக்குரிய நாளில் தாழ்வுப் பகுதி வடக்கே விலகிச் சென்றதால் எதிர்பார்த்த அளவு மழை பெய்யவில்லை. அப்படி வீணாகப் போய்த் திரும்புவதில் நமக்கு ஆகும் இழப்பு ஆட்டோ வாடகையும் ஒரு நாள் அலைச்சலும்தான். போகாமல் இருந்து வெள்ளம் வந்துவிட்டால் ஆகும் இழப்பை அதோடு எடைபோட்டுப் பார்த்தால், பத்து முறை வீணாகப் போனாலும் பதினொன்றாவது முறையும் போகலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

முகாமைப் பற்றிய கூச்சம் நடுத்தரக் குடும்பங்களில் அதிகம். மாநகராட்சிப் பள்ளிகளிலும் சமுதாயக் கூடங்களிலும் அமைக்கப்படும் அந்த முகாம்களில் தனிமை குறைவு என்பது உண்மை. உணவும் மருத்துவக் குழுவும் முதலில் வந்துசேரும் இடமும் அதுதான். அருகில் உறவினர் இல்லாதவர்கள், தங்கள் வார்டுக்குரிய முகாம் எது என்பதை மழைக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. சென்னை மாநகராட்சியின் 1913, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் 1070 ஆகிய எண்களைக் கைப்பேசியில் மட்டும் சேமிக்காமல், காகிதத்தில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டி வைக்க வேண்டும். கைப்பேசி அணைந்த பிறகுதான் அவை பெரும்பாலும் தேவைப்படுகின்றன.

எப்போது கிளம்புவது

எங்கே போவது என்பதைவிடக் கடினமான கேள்வி இது. தண்ணீரைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று காத்திருப்பது ஒரு வழி, அறிவிப்பைக் கேட்டதும் கிளம்புவது இன்னொரு வழி, இன்ன அடையாளம் தெரிந்தால் கிளம்புவதென்று முன்பே குடும்பமாகத் தீர்மானித்து வைப்பது மூன்றாவது வழி.

முதல் வழி ஏன் தோற்கிறது என்பதற்கு வெள்ளம் வந்த நேரங்களைப் பார்த்தாலே போதும். 2015இல் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறக்கப்பட்ட நீர் வினாடிக்கு 29,000 கன அடியைத் தொட்டது டிசம்பர் 1ஆம் தேதி இரவில். 2023 டிசம்பர் 17ஆம் தேதி தொடங்கிய மழை இரவு முழுவதும் விடாமல் பெய்து, மறுநாள் காலைக் கணக்கெடுப்பில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. என்று பதிவானது. 2024இல் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் தென்பெண்ணையில் விடப்பட்டது டிசம்பர் 2 அதிகாலையில். மூன்று முறையும் நீர் ஏறியபோது மக்கள் படுக்கையில் இருந்தார்கள். ஆகவே எங்கள் வீட்டில் இப்போது ஒரே ஒரு விதிதான்: கிளம்புவதாக இருந்தால் மாலை நான்கு மணிக்குள், வெளிச்சம் இருக்கும்போதே கிளம்ப வேண்டும், நான்கு மணிக்குத் தயக்கமாக இருந்தால், அந்தத் தயக்கத்தையே கிளம்பச் சொல்லும் அறிகுறியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடையாளத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் பலர் தவறிவிடுகிறார்கள். தொலைக்காட்சி எப்போதும் செம்பரம்பாக்கத்தைக் காட்டுவதால் எல்லோரும் அதன் நீர்மட்டத்தையே கவனிக்கிறார்கள். அந்த ஏரியின் முழு உயரம் 24 அடி. நிவர் புயலின்போது, 2020 நவம்பர் 25 அன்று, நீர்மட்டம் 22 அடியைத் தொட்டதும் வினாடிக்கு 1,000 கன அடி திறந்தார்கள். ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் போன்ற இடங்களில் அடையாற்றோரம் இருப்பவர்களுக்கு அந்த எண் மிக முக்கியம். ஆனால் செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் அடையாற்றில் கலப்பது திருநீர்மலை அருகில். அதற்கு மேலே இருக்கும் முடிச்சூருக்கும் வரதராஜபுரத்துக்கும் ஆபத்து ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிவதிலிருந்து வருகிறது. 2015 நவம்பர் நடுவிலேயே, செம்பரம்பாக்கம் செய்தியாகும் முன்பே, எங்கள் பகுதியில் படகு விட வேண்டியிருந்தது. அப்போதே புரிந்துகொண்டிருக்க வேண்டும்; செய்தியில் வராத ஏரியை நாங்கள் எண்ணிப் பார்க்கவேயில்லை. எந்த ஊரில் இருப்பவரும் தம் தெருவுக்கு வரும் தண்ணீர் எந்த ஏரியின் உபரி நீர் வழியும் கலங்கலிலிருந்து, எந்தக் கால்வாய் வழியாக வருகிறது என்பதை அங்கே முப்பது ஆண்டுகளாக இருக்கும் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான், காசே செலவாகாத முதல் ஆயத்தம்.

அதன்பின் வானிலை ஆய்வு மையத்தின் நிற எச்சரிக்கைகளை அந்த அறிவோடு சேர்த்துப் படிக்கலாம். ஆரஞ்சு என்றால் பொதுவாக 24 மணி நேரத்தில் 12 முதல் 20 செ.மீ. வரையிலான மிகக் கனமழைக்கு வாய்ப்பு. சிவப்பு என்றால் 20 செ.மீ.க்கும் மேற்பட்ட அதிகனமழைக்கு வாய்ப்பு. ஐப்பசித் தொடக்கத்தில், ஏரிகளில் இடம் இருக்கும்போது வரும் சிவப்பு எச்சரிக்கையும், கார்த்திகை நடுவில், ஏரிகள் தளும்பி நிற்கும்போது வரும் ஆரஞ்சு எச்சரிக்கையும் எங்களுக்கு ஒரே அளவு அச்சம் தருபவை. 2023இல் மிக்ஜாம் புயல் நெருங்கியபோது, சனிக்கிழமையான டிசம்பர் 2 அன்று மதியமே அக்கா வீட்டுக்குப் போய்விட்டோம். ஞாயிறு இரவு தொடங்கிய பெருமழை திங்கள் முழுவதும் நீடித்தது. செவ்வாய்க்கிழமை எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் என்று தெரிந்தபோது, அம்மா அக்கா வீட்டுக் கட்டிலில் படுத்துத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீரா, மின்சாரமா

இனி இரண்டாவது கேள்வி. கையில் ஏறக்குறைய இருபதாயிரம் ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை இன்வெர்ட்டரில் போடலாம். அல்லது தண்ணீர், விளக்கு, மருந்து, உலர் உணவு என்று பிரித்துச் செலவிட்டு மீதியைக் கையில் வைத்துக்கொள்ளலாம்.

இன்வெர்ட்டரின் கணக்கை எளிதாகப் போட்டுப் பார்க்கலாம். வீடுகளில் வழக்கமாக இருப்பது 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி மின்கலம். பெருக்கினால் 1,800 வாட்-மணி வருகிறது. மின்கலத்தை முழுக்க வற்றவிடக் கூடாது என்பதையும் மாற்றத்தில் ஏற்படும் இழப்பையும் கழித்தால், கைக்குக் கிடைப்பது ஏறக்குறைய 1,200. சாதாரண மின்விசிறி 75 வாட் இழுக்கும். இரண்டு விசிறி, 9 வாட் எல்இடி பல்பு மூன்று என்றால் ஏழு மணி நேரத்துக்குள் எல்லாம் தீர்ந்துவிடும். 30 வாட் இழுக்கும் புதுவகை விசிறிகளாக இருந்தால் பதினான்கு மணி நேரம் வரை தாங்கும். கோடையில் ஆறு மணி நேரம் மின்சாரம் போகிற ஊருக்கு இது அருமையான பொருள். ஆனால் 2015இலும் 2023இலும் சென்னையின் தாழ்வான பகுதிகளில் மின்சாரம் திரும்பப் பல நாட்கள் ஆயின. கஜாவுக்குப் பிறகு டெல்டா கிராமங்களில் வாரக்கணக்கில் இருட்டு நீடித்தது. முதல் இரவிலேயே தீர்ந்துபோகும் ஒரு பொருளில் பணம் முழுவதையும் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஏற்கெனவே இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் அதைச் சிக்கனமாகப் பயன்படுத்தினால் ஒரு வாரம்கூட ஓட்டலாம். விசிறிகளை முற்றிலும் நிறுத்திவிட்டு, இரவில் ஒரே ஒரு பல்பும் கைப்பேசிகளுக்கு மின்னேற்றமும் மட்டும் என்று வைத்துக்கொண்டு, மற்ற நேரங்களில் இன்வெர்ட்டரையே அணைத்துவிட வேண்டும். எதுவும் இணைக்காமல் சும்மா ஓடும் இன்வெர்ட்டரும் மின்கலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டேதான் இருக்கும். அதைவிட முக்கியம், அதைத் தரையில் வைக்காமல் இடுப்புயரத்துக்கு மேலே, காற்றோட்டமுள்ள உறுதியான மேடையில் வைப்பது. அறுபது கிலோ அளவுக்குக் கனக்கும் மின்கலத்தைத் தண்ணீர் வந்த பிறகு யாராலும் தூக்க முடியாது.

பெட்ரோல் ஜெனரேட்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எரிபொருளைச் சேமித்து வைப்பதில் ஆபத்து இருக்கிறது. வெள்ள நாளில் பெட்ரோல் கிடைப்பதும் நிச்சயமில்லை. அடைத்த அறையிலோ மாடிப்படியின் கீழோ வைத்து இயக்கினால், மணமோ நிறமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு தூங்குகிறவர்களைக் கொன்றுவிடும். குடியிருப்புச் சங்கம் திறந்த வெளியில், உயரமான மேடையில் வைத்துப் பராமரிக்கலாம். தனி வீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதே வேலையைச் சிறிய பொருள்கள் மலிவாகச் செய்கின்றன. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று இன்றைய கைப்பேசியை இரண்டரை முதல் மூன்று முறை நிரப்பும். அப்படி இரண்டு, உலர் மின்கலம் போடும் டார்ச் இரண்டு, தலையில் மாட்டும் விளக்கு ஒன்று, மின்கலத்தில் இயங்கும் வானொலி ஒன்று இருந்தால் ஒரு குடும்பத்தின் வெளிச்சமும் செய்தியும் முடிந்தது. தலைவிளக்கு எதற்கு என்று கேட்பவர்கள், ஒரு கையில் குழந்தையையும் மறுகையில் கைப்பிடிச் சுவரையும் பிடித்துக்கொண்டு இருட்டில் படியேறிப் பார்த்திருக்க மாட்டார்கள். கைப்பேசிக் கோபுரங்களும் மின்சாரத்தை நம்பியே இருப்பதால், இரண்டாம் நாளில் முழுதாக மின்னேற்றிய கைப்பேசியிலும் அலைவரிசை இல்லாமல் போகலாம். அப்போது வானொலிதான் வெளியுலகம்.

தண்ணீருக்கு வருவோம். பேரிடர் நிவாரணத்தில் பல நாடுகளில் பின்பற்றப்படும் ஸ்பியர் நெறிமுறை, எல்லாத் தேவைகளுக்கும் சேர்த்து ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் என்கிறது. அதில் குடிப்பதற்கும் உணவுக்கும் மூன்று லிட்டர் வரை ஆகும். நான்கு பேருக்கு நான்கு நாட்கள் என்றால் மொத்தம் 240 லிட்டர்; குடிக்க மட்டும் 48 லிட்டர். இந்த இரண்டு எண்களையும் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடுகிறது. குடிநீருக்கு மூன்று 20 லிட்டர் கேன்கள் போதும். மீதிக்கு மாடியிலிருக்கும் சின்டெக்ஸ் தொட்டி போதும், அதை முன்கூட்டியே நிரப்பி வைத்திருந்தால். மின்சாரம் போன பிறகு மோட்டார் ஓடாது. மின்சாரம் இருந்தாலும் தரைக்குக் கீழிருக்கும் சம்ப் வெள்ளத்தில் மூழ்கிச் சாக்கடை கலந்திருக்கும். எச்சரிக்கை வந்த மாலையில் தொட்டியை நிரப்புவதற்கு ஒரு மணி நேர மின்சாரச் செலவுதான் ஆகிறது. ஓர் இன்வெர்ட்டரின் விலையைவிட அந்த ஒரு மணி நேரம் மதிப்புள்ளது என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

கேன்களில் ஒரு சிக்கல் உண்டு. இருபது கிலோ கேனை அறுபது வயதைத் தாண்டியவர் இருட்டில் மாடிக்குத் தூக்க முடியாது. எங்கள் வீட்டில் இப்போது இரண்டு பெரிய கேன்களும், மீதிக்கு ஐந்து லிட்டர், இரண்டு லிட்டர் பாட்டில்களுமாக வைத்திருக்கிறோம். பத்து வயதுப் பிள்ளையும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு ஏறலாம். மாதம் ஒருமுறை பழையதைப் பயன்படுத்திவிட்டுப் புதியதை வைக்கிறோம். ஆர்ஓ இயந்திரம் மின்சாரமின்றி வேலை செய்யாது என்பதால் அதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கொதிக்கவைப்பது நம்பகமானது, எரிவாயு இருக்கும்வரை. குளோரின் மாத்திரைகள் மிக மலிவானவை, சட்டைப்பையில் அடங்குபவை. கலங்கல் நீரை முதலில் துணியில் வடிகட்டி, அட்டையில் அச்சிட்டிருக்கும் அளவுப்படி போட்டு, அரை மணி நேரம் விட வேண்டும். மழைநீரை மொட்டை மாடியில் தார்ப்பாய் விரித்துப் பிடிப்பது, எல்லாம் தீர்ந்த நிலையில் உதவும் வழி. 2015இல் மூன்றாம் நாள் நாங்கள் அதைத்தான் காய்ச்சிக் குடித்தோம்.

உணவு, மருந்து, ஆவணம், காப்பீடு

உணவில் தேர்வு எளிது. சமைக்க வேண்டாத பொருள்களே முதல் இரண்டு நாட்களுக்கு வேண்டும்: அவல், பொரி, பொட்டுக்கடலை, வெல்லம், வேர்க்கடலை, பால் பவுடர், குழந்தை இருந்தால் அதற்குப் பழகிய சத்துமாவு. மின்சார அடுப்பு பயன்படாது. எரிவாயு சிலிண்டர் பயன்படும். ஆனால் தண்ணீர் ஏறினால் சிலிண்டர் மிதக்கத் தொடங்கி ரப்பர் குழாயை இழுத்துவிடும் என்பதைப் பலர் அறிவதில்லை. தண்ணீர் சமையலறையை எட்டும் முன்பே ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டுவிட வேண்டும்.

மருந்துக்கு மட்டும் எந்தச் சிக்கனமும் கூடாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, வலிப்பு ஆகியவற்றுக்கான மாத்திரைகள் எப்போதும் இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக இருக்க வேண்டும். மருந்துச்சீட்டின் நகலும் அதோடு இருந்தால் முகாமில் இருக்கும் மருத்துவருக்கு வேலை எளிதாகும். குளிர்பதனப் பெட்டி நின்றுவிட்டதென்று இன்சுலினைத் தூக்கி எறிய வேண்டாம். பயன்பாட்டில் இருக்கும் பெரும்பாலான இன்சுலின் வகைகள் கடும் வெப்பம் படாத அறையில் ஏறக்குறைய நான்கு வாரம் தாங்கும். பெட்டியிலுள்ள குறிப்பைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, ஈரமணலில் பதித்த மண்கலயத்துக்குள் வைக்கலாம்.

ஆவணங்களுக்கு மூன்று இடங்கள் இருக்கின்றன: பரண், பை, அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கர். பரண் உயரத்தில் இருப்பதால் பத்திரம் என்று நினைக்கிறோம். கிளம்பும் அவசரத்தில் ஏணி தேட வேண்டிய இடத்தில் இருக்கும் பத்திரம் கைக்கு எட்டாது. ஆதார், ஓட்டுநர் உரிமம், மதிப்பெண் சான்றிதழ் போன்றவற்றை டிஜிலாக்கரில் வைத்துவிட்டால் காகிதம் நனைந்தாலும் பெரிய இழப்பில்லை. 2015 வெள்ளத்துக்குப் பின் இழந்த ஆவணங்களுக்கு நகல் வழங்க அரசே சிறப்பு முகாம்கள் நடத்தியது. வீட்டுப் பத்திரம் அப்படிப்பட்டதில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். ஆயினும் மூலப்பத்திரம் இல்லையென்றால் கடன் வாங்கும்போதும் விற்கும்போதும் அலைய வேண்டியிருக்கும். ஆகவே மூலங்கள் மட்டும் நீர்புகாத உறையில், கிளம்பும்போது தோளில் மாட்டும் பையில் இருக்க வேண்டும். ஐந்நூறும் நூறுமாகக் கொஞ்சம் பணமும் அதிலேயே இருக்கட்டும். மின்சாரமில்லாத தெருவில் யுபிஐ வேலை செய்யாது. 2015இல் நூறு ரூபாய் கொடுத்து அரை லிட்டர் பால் வாங்கியபோது கையில் சில்லறைத் தாள் இருந்ததே பெரிய வரமாக இருந்தது.

காப்பீடு எடுப்பதா, அந்தப் பணத்தைச் சேமித்து வைப்பதா என்ற கேள்வியில், சொந்த வீட்டுக்காரர்கள் காப்பீட்டையே தேர்ந்தெடுக்கலாம். 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற ஒரே மாதிரியான வீட்டுக் காப்பீட்டை வழங்குகின்றன; வெள்ளம், புயல், நிலநடுக்கம், நிலச்சரிவு எல்லாம் அதில் அடங்கும். கட்டடத்துக்கு எடுத்தால், அதன் காப்பீட்டுத் தொகையில் 20 விழுக்காடு வரை, 10 லட்சம் ரூபாய் என்ற உச்சவரம்புக்குள், வீட்டுப் பொருள்களுக்கும் தானாகவே பொருந்தும். வாடகைக்கு இருப்பவர்கள் பொருள்களுக்கு மட்டும் எடுக்கலாம்; எங்களுக்கு அது 2015இல் தெரியாது. வாகனத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு ஒரு ரூபாய்கூட வராது. முழுக் காப்பீடு இருந்தாலும், நீரில் நின்ற வண்டியை முடுக்கி இயந்திரம் கெட்டால் அதற்குத் தனியான இயந்திரப் பாதுகாப்புச் சேர்க்கை வேண்டும். மூழ்கிய வண்டியின் சாவியைத் திருகாமல் அப்படியே இழுத்துச் செல்லச் சொல்வது எந்தக் காப்பீட்டையும்விட மலிவான காரியம்.

கிளம்பும் மாலையில் எங்கள் வீட்டில் வேலைகள் இப்போது ஒரே வரிசையில் நடக்கின்றன. மாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்துகிறோம். சிலிண்டரைக் கழற்றி மூடி போடுகிறோம். துணிமணிகளும் புத்தகங்களும் மேசைமேல் ஏறுகின்றன. குளியலறை ஜாலியின் மேல் தடித்த பிளாஸ்டிக் தாளை மடித்து வைத்து, அதன்மேல் மணல் மூட்டையை அழுத்தி வைக்கிறோம். கழிவறைக் கோப்பைக்குள்ளும் ஒரு சிறிய மணல் மூட்டை போகிறது. இவை வெள்ளத்தை முழுவதுமாகத் தடுக்காது, ஆனால் கறுப்புத் தண்ணீர் முதலில் நுழையும் வழியை அடைத்துச் சில மணி நேரம் வாங்கித் தரும். எல்லாம் முடிந்து கடைசியாக மெயின் சுவிட்சை அணைத்து, கதவைப் பூட்டி, ஒரு சாவியை மாடி வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு, அவருடைய தங்கை வீட்டு எண்ணை எங்கள் காகிதத்திலும் எங்கள் அக்கா வீட்டு எண்ணை அவர் காகிதத்திலும் எழுதிக்கொண்டு கிளம்புகிறோம்.